லோகோ ஐடியாவை எங்கே தேடுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

லோகோ டிசைன் பழகுகிறவர்களும், சொந்தக் கடைக்குத் தாங்களே லோகோ போட நினைக்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஐடியா எங்கே பார்த்தால் வரும்?" பின்டெரெஸ்ட் பார்க்கலாமா, ஏஐயிடம் கேட்கலாமா, தொழில் நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாமா, கோலம், கோபுரம் என்று நம் ஊர் வடிவங்களை எடுக்கலாமா, பெயரின் முதலெழுத்தை வைத்தே முடித்துவிடலாமா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்துவிட்டு, கெடு நெருங்கும்போது கையில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து வழிகளில் எதுவும் முழுக்கத் தவறு கிடையாது. ஆனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பது லோகோவின் தலையெழுத்தையே மாற்றிவிடும். முதலில் கண்ணில் பட்டது மனதில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வரைவதெல்லாம் அதன் சாயலில்தான் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

தனித்துவம்: இதே தொழில் செய்யும் பக்கத்துக் கடைக்காரருக்கும் இதே யோசனை வந்திருக்குமா?

பொருத்தம்: இந்தக் கடையின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு கடையின் பெயரைப் போட்டாலும் லோகோ அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அது யாருக்கும் சொந்தமில்லாத லோகோ.

சின்ன அளவு, ஒரே நிறம்: பிரவுசர் டேபில் தெரியும் ஐகானுக்கு 16 பிக்சல் சதுரம்தான் இடம். ரப்பர் ஸ்டாம்ப், பில் புக், துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங், யூனிஃபார்ம் சட்டையில் எம்பிராய்டரி என்று எங்கே போனாலும் நிற்க வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: தேர்தல் சின்னம். சுவர் எழுதும் எந்தக் கலைஞரும் ஒரே பிரஷ்ஷால், மாதிரிப் படம் பார்க்காமல் வரைந்துவிடுவார். உங்கள் லோகோவை ஒரு தடவை பார்த்தவர் நினைவிலிருந்து சுமாராகவாவது வரைய முடிகிறதா என்று பாருங்கள்.

உரிமை: டிரேட்மார்க்காகப் பதிய முடியுமா? நாளைக்கு யாராவது "இது என்னுடையது" என்று வந்து நிற்பார்களா?

நேரமும் செலவும்: கண்ணுக்குத் தெரியும் செலவு ஒன்று, பின்னால் வரும் செலவு வேறு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை:

| வழி | தனித்துவம் | பொருத்தம் | சின்ன அளவில் | உரிமைச் சிக்கல் | நேரம் |
|---|---|---|---|---|---|
| இணைய கேலரிகள் | குறைவு | குறைவு | நன்றாக நிற்கும் | அதிகம் | சில மணி நேரம் |
| தொழில் நடக்கும் இடம் | மிக அதிகம் | மிக அதிகம் | உழைத்தால் வரும் | குறைவு | ஓரிரு நாள் |
| பெயரின் எழுத்து | நடுத்தரம் | பெயரைப் பொறுத்தது | மிக நன்றாக நிற்கும் | நடுத்தரம் | சில நாள் |
| மரபு வடிவங்கள் | எடுக்கும் விதத்தைப் பொறுத்தது | ஊரோடு தொடர்பிருந்தால் அதிகம் | கவனம் தேவை | நடுத்தரம் | சில நாள் |
| ஏஐ | குறைவு | மேலோட்டம் | திரும்ப வரைய வேண்டும் | அதிகம் | சில நிமிடம், அப்புறம் திருத்தம் |

## இணைய கேலரிகள்: பிஹான்ஸ், டிரிபிள், பின்டெரெஸ்ட்

எல்லோரும் முதலில் போவது இங்கேதான். உலகின் நல்ல டிசைனர்கள் செய்த வேலையை வீட்டிலிருந்தே, காசில்லாமல் பார்க்க முடிவது பெரிய விஷயம். கோடுகளுக்கு நடுவே இடைவெளி எப்படி விடுகிறார்கள், இரண்டு நிறத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள், வளைவு எங்கே முடிகிறது என்றெல்லாம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "காபி லோகோ" என்று தேடினால் கோப்பை, ஆவி, காபிக்கொட்டை. "பல் மருத்துவமனை" என்றால் பல்லுக்குள் ஒரு புன்னகை. நீங்கள் தேடிய அதே வார்த்தையைப் போட்டி கடையின் டிசைனரும் தேடியிருப்பார். ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்று சேமித்தால், அதே மாதிரி இன்னும் பல படங்களைத் தளமே எடுத்து நீட்டும்.

"நான் காப்பி அடிக்க மாட்டேன், சும்மா பார்க்கத்தானே போகிறேன்" என்று சொல்லலாம். 1991-இல் டேவிட் ஜேன்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பொறியியல் வடிவமைப்பு செய்கிறவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை போன்றவற்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் குறையுள்ள மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்தக் குழு மாதிரியில் இருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் வடிவத்தில் கொண்டுவந்தது. ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியும், ஸ்ட்ரா உள்ள மாதிரியைப் பார்த்தவர்கள் ஸ்ட்ராவையே திரும்ப வரைந்தார்கள். காப்பி அடிக்கும் எண்ணமே வேண்டியதில்லை; பார்த்ததே போதும்.

எளிய வடிவங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1976-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி பெரும் செலவில் 'என்' எழுத்தை இரண்டு சரிவகத் துண்டுகளாக வெட்டி ஒரு புது லோகோவை வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி அதற்குக் கொஞ்ச நாள் முன்பே ஏறக்குறைய அதே 'என்'னைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு ஆன செலவு 100 டாலருக்கும் குறைவு. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் வழக்கு வந்தது. கடைசியில் 8 லட்சம் டாலருக்கும் அதிகமான மதிப்புள்ள கருவிகளையும், புது லோகோ செய்துகொள்ள 55,000 டாலர் பணத்தையும் கொடுத்து என்பிசி சமரசம் செய்துகொண்டது. கேலரிகளில் பழகிய கண் இப்படிப்பட்ட வெட்டிச் சுருக்கிய வடிவங்களைத்தான் நாடும். அங்கேதான் கூட்டமும் அதிகம்.

எப்போது இதுவே சரி: இரண்டு சமயங்களில். ஒன்று, கஸ்டமரின் ரசனையைத் தெரிந்துகொள்ளும்போது. "சிம்பிளா, கிளாஸா வேணும்" என்று அவர் சொன்னால் ஒன்றும் புரியாது. பத்து லோகோக்களை முன்னால் வைத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று கேட்டால் புரிந்துவிடும். அதற்கு வேறு தொழில்களின் லோகோக்களைக் காட்டுங்கள்; அதே தொழிலுடையதைக் காட்டினால் அதையே கேட்பார். இரண்டாவது, உங்கள் ஸ்கெட்ச் முடிந்த பிறகு, இதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறதா என்று சரிபார்க்கும்போது.

## தொழில் நடக்கும் இடம்

நான் முதலில் போகச் சொல்வது இங்கே. பட்டறை, மில், சமையல்கட்டு, குடோன், எதுவானாலும் சரி.

சித்ரோயன் காரின் லோகோவைப் பார்த்திருப்பீர்கள்: ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கவிழ்ந்த 'வி'. காருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1919-இல் கார் தொழிலுக்கு வருமுன் அந்திரே சித்ரோயன் பல்சக்கரம் செய்து விற்றவர். அந்தச் சக்கரத்தின் பற்கள் நேராக இருக்காது, 'வி' வடிவில் மடங்கியிருக்கும். அந்தப் பல்லே லோகோ ஆனது. அந்தக் காரை ஓட்டுகிறவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமலே நூறு ஆண்டுகளாக அந்த வடிவம் வேலை செய்கிறது. உண்மையான ஒரு பொருளிலிருந்து வந்ததால் அதற்கு ஒரு திடம் இருக்கிறது; யோசித்துக் கண்டுபிடித்த வடிவத்தில் அது லேசில் வராது.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு லோகோ வேண்டும் என்று வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் கிரைண்டர் படமே வரும், இல்லையென்றால் இட்லி. பட்டறைக்குப் போனால் வேறு கண் திறக்கும். உருளைக் கல்லில் உளி கொத்திய புள்ளிகள். கூம்புக் கல் சுற்றும்போது மாவில் விழும் வளையம். கல் வந்து இறங்கிய இடத்தில் சாக்பீஸால் போட்ட எண். அட்டைப்பெட்டியில் ஸ்டென்சில் வைத்து அடித்த பெயர். முதல் தலைமுறைக்காரரின் பில் புக்கில் ஒரு சீல். இவற்றில் ஒன்று போதும்.

அங்கே போய்க் கேட்க வேண்டியவை: இந்த வேலையில் வெளியாள் கவனிக்காத ஒன்று எது? நல்ல சரக்கையும் மட்டமான சரக்கையும் எதைப் பார்த்துப் பிரிக்கிறீர்கள்? பழைய லேபிள், ரசீது, முத்திரை ஏதாவது வைத்திருக்கிறீர்களா? முதலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். இருபது வருஷமாக அதே மிஷினில் நிற்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ தெரிந்தது முதலாளிக்குக்கூடத் தெரியாமல் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: ஒரு நாள் போய்விடும். பயணச் செலவு உண்டு. முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் அதைக் கஸ்டமர் தரமாட்டார், எனவே கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுங்கள். அப்புறம், கிடைக்கும் பொருள்கள் நுணுக்கமானவை. அவற்றைச் சுருக்கி, 16 பிக்சலுக்குள் கொண்டுவரும் வேலைதான் உண்மையான வேலை. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக வடிவம் சுமாராக இருப்பதை விட்டுவிடக் கூடாது. விளக்கமே சொல்லாமல் நாலு பேரிடம் காட்டுங்கள். வடிவம் தானாக நிற்க வேண்டும்.

எப்போது சரிவராது: இன்னும் தொடங்காத தொழில், கையால் தொட எதுவுமில்லாத ஆன்லைன் சேவை. அங்கே பார்க்கப் பட்டறை இல்லை.

## பெயரின் எழுத்து

பெயரைத் தாளில் பத்துப் பதினைந்து விதமாகக் கையால் எழுதிப் பார்ப்பது. கேட்க எளிமையாக இருந்தாலும் பொறுமை வேண்டும்.

ஃபெடெக்ஸ் லோகோவில் 'ஈ'க்கும் 'எக்ஸு'க்கும் நடுவே ஒளிந்திருக்கும் அம்புக்குறி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1994-இல் லிண்டன் லீடர் என்ற டிசைனர் இரண்டு ஃபான்ட்களை மாற்றி மாற்றிப் போட்டு, எழுத்துகளை நெருக்கிப் பார்த்தபோது அந்த அம்பின் சாயலைக் கவனித்தார். பிறகு எழுத்துகளையே திருத்தி அதை முழு அம்பாக்கினார். சிட்டி வங்கியின் லோகோவும் இந்த வகைதான். 1998-இல் சிட்டிகார்ப் வங்கிக் குழுமமும் டிராவலர்ஸ் என்ற காப்பீட்டுக் குழுமமும் இணைந்தபோது, டிராவலர்ஸின் சின்னமான சிவப்புக் குடையை போலா ஷேர் என்ற டிசைனர் எழுத்துக்குள் கொண்டுவந்தார். 'டி' எழுத்தின் கீழ்வளைவு குடைப்பிடி. மேலே ஒரு வில் குடை.

தமிழ் எழுத்தில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சுழி, கொம்பு, கால், புள்ளி என்று வளைவும் இடைவெளியும் நிறைய. ஆனால் தமிழ் என்றதும் நேராக 'ழ'வுக்கும் ஆய்த எழுத்துக்கும் போகாதீர்கள். ஏற்கெனவே அந்த இரண்டும் எத்தனையோ நிறுவனங்களின் தோளில் இருக்கின்றன. உங்கள் பெயரில் இருக்கும் சாதாரண 'ட'வையும் 'ப'வையும் பாருங்கள்; நேர்கோடும் மூலையுமாக உள்ள அவை சின்ன அளவில் அபாரமாக நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டாவது மொழி. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கில எழுத்தின் வளைவை வைத்து லோகோ செய்தால் தமிழில் இன்னொரு தடவை உழைக்க வேண்டும். ஃபெடெக்ஸ்கூட அரபு எழுத்தில் தனியாக ஒரு வடிவம் செய்தது; அதில் அம்பு இடப்பக்கம் பார்க்கும். தொடங்கும்போதே இரண்டு மொழிக்கும் விலை பேசிவிடுங்கள்.

## மரபு வடிவங்கள்

2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஜூலையில் வெளியிட்ட முதல் லோகோ 'டி' எழுத்தைச் சுருக்கிய எளிய வடிவம். பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோ மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. வடிவமைப்பாளர் மறுத்தும், செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அசாவோ டோகோலோவின் லோகோ தேர்வானது. ஜப்பானின் எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) புகழ்பெற்ற கட்டம் போட்ட நெசவு வடிவம், அவுரி நீலம் என்ற ஒரே நிறம், மூன்று வகை நாற்கரங்களில் 45 துண்டுகள். அதே 45 துண்டுகளை மாற்றி அடுக்கி பாராலிம்பிக்ஸ் லோகோவும் செய்துவிட்டார். மரபை எடுப்பது என்றால் இப்படித்தான் எடுக்க வேண்டும்: அதன் விதியை எடுத்துக்கொண்டு, படத்தை விட்டுவிட வேண்டும்.

கோலத்துக்கும் இது பொருந்தும். சிக்குக் கோலத்தின் விதி எளிமையானது: புள்ளிக் கட்டம், புள்ளியைச் சுற்றிவரும் முடிவில்லாத கோடு. மூன்று புள்ளி, ஐந்து புள்ளியில் நீங்களே புதிதாக ஒன்று போட முடியும். அதற்கு மேல் போனால் ஸ்டாம்பில் மை அடைத்துக்கொள்ளும். ஆனால் தென்னிந்திய உணவகம், இயற்கை விளைபொருள், யோகா வகுப்பு என்று கோல லோகோக்கள் ஏற்கெனவே பெருகிவிட்டன. தாமரை, மயில், வாழையிலைக்கும் இதே கதி.

கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் யாரும் தொடாத சுரங்கங்கள் இருக்கின்றன. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் போட்ட குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஒரு கொக்கி. இவ்வளவில் வீட்டுக்கு ஒரு குறி வைத்து ஊர்த் துணியெல்லாம் பிரித்தார்கள். லோகோ என்ற பேச்சே இல்லாத காலத்தின் லோகோ வேலை அது. சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள் இன்னொன்று: உள்ளங்கைக்குள் அடங்கும் தாளில் ஒரே ஒரு படம், சில நிறங்கள், தடித்த எழுத்து, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகள், ஆத்தங்குடி டைல்ஸின் கட்டங்கள் என்று பட்டியல் நீளும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளுக்கு 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பதிவு தராது. கோபுரம் வரைந்தால் தமிழ்நாடு அரசு முத்திரையை நினைவூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுச் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-இலிருந்தே தடைச்சட்டம் இருக்கிறது. மூன்றாவது எனக்கு முக்கியமாகப் படுவது: தோடர் எம்பிராய்டரி போல ஒரு சமூகத்துக்கே உரிய, புவிசார் குறியீடு பெற்ற வடிவங்களை அந்த மக்களிடம் கேட்காமல், அவர்களுக்கு ஒரு பங்கும் தராமல் எடுக்காதீர்கள். ஊட்டியில் அவர்களோடு சேர்ந்து தொழில் செய்கிறவருக்கு அது பொருந்தும். சென்னையில் ஒரு காபி ஷாப்புக்கு அது வெறும் அலங்காரம்.

## ஏஐ

வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஒரு மணி நேரத்தில் ஐம்பது படம் வந்துவிடும். "கிரைண்டரும் சூரியனும் சேர்ந்தால் எப்படி இருக்கும்" என்ற மாதிரிக் கலப்புகளைச் சோதிக்க நல்ல துணை.

ஆனால் கிடைப்பது பெரும்பாலும் பிக்சல் படம். பேனருக்குப் பெரிதாக்கவும் ஸ்டாம்புக்குச் சின்னதாக்கவும் அதை வெக்டராக, அதாவது எந்த அளவுக்கு மாற்றினாலும் கூர்மை குறையாத கோட்டு வடிவமாக, திரும்ப வரைய வேண்டும். தமிழ் எழுத்தை அதனிடம் விட்டால் கொம்பும் புள்ளியும் இடம் மாறி வரலாம். கற்றுக்கொண்ட படங்களின் சராசரியையே அது தருவதால் கேலரிக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு. பதிப்புரிமை இன்னொரு சிக்கல்: மனிதர் படைக்காத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க நீதிமன்றம் 2023-இல் சொன்னது, 2025-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. அங்கே ஏற்றுமதி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேன்வா போன்ற டெம்ப்ளேட் தளங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள படங்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படுபவை. அவற்றை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய அந்தத் தளமே அனுமதிப்பதில்லை.

## உங்கள் நிலைமைக்கு எது

அடுத்த வாரம் கடை திறப்பு, கையில் பணம் குறைவு என்றால் எழுத்து வழியே போங்கள். பெயரை நன்றாக, தனித்தன்மையோடு எழுதினாலே போதும். சின்னம் பிறகு வரட்டும்.

இரண்டு மூன்று தலைமுறைத் தொழில் என்றால் சந்தேகமே வேண்டாம், பட்டறையும் பழைய பில் புக்கும்தான். ஆப், ஆன்லைன் சேவை என்றால் எழுத்தில் தொடங்கி, ஐகான் நுணுக்கத்துக்கு மட்டும் கேலரிகளைப் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் கைவினைப் பொருளுக்கு மரபு வடிவம் பொருந்தும், அந்தப் பொருள் பிறந்த ஊரின் வடிவமாக இருந்தால்.

டிசைன் கற்கும் மாணவர் என்றால் கேலரிகளில் தாராளமாக நேரம் செலவிடுங்கள். ஆனால் கையில் பென்சிலோடு. பார்த்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்து பழகினால்தான் அது கைக்கு வரும்.

எந்த வழியில் வந்தாலும் கடைசியில் செய்ய வேண்டியவை சில உண்டு. படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியில் ஒரு தடவை தேடுங்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரை மட்டுமல்லாமல், வியன்னா குறியீட்டு எண்ணை (லோகோவில் உள்ள உருவங்களை வகைப்படுத்தும் எண்) வைத்து உருவத்தையும் தேட முடியும், அது இலவசம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகைக்கு) 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

டிசைனரை வைத்துச் செய்கிறவர்கள் உரிமை மாற்றத்தைக் கண்டிப்பாக எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுக்கு மட்டுமே மாறியதாகக் கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற ஒரு வரியைச் சேர்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். டிசைனர்களே, அந்த வரிக்குரிய விலையைக் கேட்டு வாங்குவதில் தயக்கம் வேண்டாம்.